செத்த காதுக்குக் கேட்டது

அவள் விழித்தபோது இடது காதில் அந்தச் சத்தம் இருந்தது. கேட்கக் கூடாத காது. அறுவை சிகிச்சையில் கட்டியோடு சேர்த்துக் காது நரம்பையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் உலகமே இல்லை. இருந்தும் உஸ்ஸென்று காற்று ஏறுவதும், ஒரு பிடி பிடிப்பதும், தளர்வதும் அங்கிருந்தேதான் வந்தன.

கால் உறை இயந்திரமாக இருக்கும். கெண்டைக்கால்களில் சுற்றிய உறைகளில் காற்றடைத்து, அமுக்கி அமுக்கி விடுவது.

"நிறுத்திடாதீங்க சார்," என்று காலையில் நர்ஸ் சொல்லியிருந்தாள். "படுத்தே இருந்தா காலுல ரத்தம் உறைஞ்சிடும். அது கிளம்பிச்சுன்னா நேரா நுரையீரல்தான்."

"சைக்கிள் பம்புக்கு இவ்வளவு பில்டப்பா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுக் கணவன் தானே சிரித்தான். அவனுக்கு முதல் ரசிகன் அவன்தான். அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வருவதில்லை. கோபத்துக்கும் ஒரு தகுதி வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சையில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம், நல்ல காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டால் அவன் இல்லை என்பது. மதியம் யாரிடமோ போனில், "எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கறேன்..." என்று ஆரம்பித்தான். அவள் வலப்பக்கம் திரும்பினாள். நாற்காலியில் வாயசைக்கும் மீன் ஒன்று மிச்சமிருந்தது. அப்படியே தூங்கிப்போனாள்.

உஸ். பிடி. தளர்வு.

இதுவாவது ஒழுங்காக வேலை செய்கிறதே என்று நினைத்தாள். அடுத்த பிடி முழங்காலுக்கு மேலே விழுந்தது. உறை அதுவரை வராது. அதற்கடுத்தது தொடையில். தோலுக்கு வெளியே அல்ல, உள்ளே.

போர்வையை விலக்கினாள். உறைகள் காற்றுப்போன பலூன்போல் சுருங்கிக் கிடந்தன. இயந்திரத்தின் பிளக் தரையில். சுவரில் அதனிடத்தில் அவனுடைய சார்ஜர்.

தலையைத் தூக்கினாள். "என்னங்க... பிளக்கு..."

"சார்ஜ் சுத்தமா இல்லம்மா. நீயும் தூங்கிட்டே. காலுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கட்டுமேன்னு."

உஸ். அடிவயிறு.

அழைப்பு மணியைத் துழாவினாள். அதன்மேல் அவன் பை. காலமெல்லாம் விழுங்கிய சொல் ஒன்று நாக்குவரை வந்தது. முட்டாள். அதைத் தள்ள மூச்சு இல்லை. அறுவைக்குப் பின் அசையாத இடக்கன்னம் அப்படியே கிடக்க, வலக்கன்னம் மட்டும் மேலே இழுத்துக்கொண்டது.

"அட, சிரிக்கிறியே! அப்படியே இரு, அம்மாவுக்கு அனுப்பறேன்."

சார்ஜர் ஒயர் இழுபட, போனை உயர்த்தினான்.

உஸ்.

நெஞ்சு.

பிடித்தது. தளரவில்லை.

திரையில் பாதி முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.