தேய்க்கக் கூடாத நிலம்

மாம்புரியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பகல் பதினொரு மணி இருக்கும். வீதிக்கு அந்தப் பக்கம் யாரோ கருவாடு காயப் போட்டிருந்தார்கள். கடற்காற்று அந்த வாடையைக் கொண்டுவந்து மூக்கில் அப்பியது. வீடு பிடித்துக் கொடுக்கிற கில்பட் மோட்டார் சைக்கிளில் எனக்காகக் காத்திருந்தார். தென்னந்தோட்டத்துக்குள்ளால் போகும் மணல் பாதையில் என்னையும் என் பெட்டியையும் ஏற்றிப் போனார்.

என் பெயர் இனாஸ். ஊர் சிலாபம். கைபேசி விளையாட்டுகளைப் பற்றி ஒரு வார இதழில் ஒன்பது வருடமாகப் பத்தி எழுதிவந்தேன். அவற்றை எப்படிச் செய்வது என்று இரண்டு புத்தகங்களும் போட்டிருக்கிறேன். நானே ஏழு சின்ன விளையாட்டுகள் செய்தேன். எழுத்துக் கூட்டுவது, தோணி ஓட்டுவது என்று. ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. எட்டாவதாக ஒரு திகில் விளையாட்டைத் தொடங்கியிருந்தேன். அதை முடிக்கத்தான் மூன்று மாதத்துக்கு அந்த வீட்டை எடுத்தேன்.

இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் கிணறு. வீடு முழுவதும் சிவப்புச் சீமெந்து நிலம். முகம் தெரியுமளவுக்கு மினுக்கி வைத்திருந்தார்கள். பின் அறையில் வீட்டுக்காரரின் சாமான் இருக்கிறது, அதைத் திறக்க வேண்டாம் என்றார் கில்பட். ஏன் என்று இரண்டு தரம் கேட்ட பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னார். முன்பு இங்கே ஒரு முஸ்லிம் அம்மா தனியாக இருந்தாராம். கொரோனாப் பயணத்தடை நாட்களில் அந்த அறையில் இறந்துபோனார். ஒன்பது நாட்களுக்கு யாருக்கும் தெரியவில்லை. இப்போது வீடு புத்தளத்தில் இருக்கும் அவருடைய தங்கைக்குச் சொந்தம்.

"அந்த ஒரு அறைய விடுங்க மிஸ். மத்ததெல்லாம் உங்கட வீடு மாதிரித்தான்" என்றார்.

பின் அறைத் திறப்பும் கில்பட் தந்த சாவிக் கொத்தில்தான் இருந்தது. மூன்றாம் நாள் திறந்தேன்.

உள்ளே சாமான் எதுவும் இல்லை. சாத்திய ஜன்னல்; பழைய எண்ணெயில் சீனி கலந்தது போல ஒரு வாடை. நிலத்தில் ஒரு கறை. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கதவுப் பக்கம் நீட்டிப் படுத்திருக்கும் ஓர் ஆளின் அளவு. தலை இருந்த இடத்தில் அது கறுத்து, தடித்திருந்தது. யாரோ அமிலம் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள், மேலே பெயின்டும் அடித்திருக்கிறார்கள். கறை இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து சுருண்டு கிடந்தது.

எனக்கு அப்போது முதலில் வந்தது சந்தோசம். வெட்கமாக இருந்தாலும் அதை எழுதித்தான் ஆக வேண்டும். இப்படி ஒன்றைக் கற்பனையில் வரைய என்னால் முடியாது என்று நினைத்தேன். நிலத்தில் குப்புறப் படுத்து, பல கோணங்களில் படம் எடுத்தேன். ஒருமுறை கன்னம் நிலத்தில் பட்டது. குளிர்ந்து, லேசாக ஒட்டியது.

கைபேசி விளையாட்டு கண்ணுக்கானதல்ல, விரலுக்கானது என்று என் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அதையே இங்கே செய்தேன். ஆடுபவர் இருண்ட வீடொன்றுக்குள் நடந்து கடைசி அறைக்கு வருவார். நிலத்தில் கறை இருக்கும். அது எழும்பத் தொடங்கும். திரையில் பெருவிரலை வைத்துத் தேய்த்தால் மங்கும். விரலை எடுத்தால் மறுபடி எழும்பும். விடியும் வரை, அதாவது நான்கு நிமிடம், விடாமல் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது கைபேசி அதிரும். கறைக்கு நான் எடுத்த படத்தையே போட்டேன். சரிபார்ப்பதற்காக நானே நாள் முழுக்கத் தேய்த்தேன்.

இணையத்தில் வெளியிட்டு ஒரு மாதத்துக்குள் அது பதினோராயிரம் கைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததில்லை. அந்த வாரப் பத்தியில் பெருமையாக எழுதினேன்: பயந்தவர் கண்ணை மூடிக்கொள்வார், அருவருத்தவர் இன்னொரு தரம் பார்ப்பார், ஆகவே அருவருப்பைக் கொடுங்கள் என்று.

பிறகு ஆடியவர்களின் குறிப்புகள் வரத் தொடங்கின. தேய்த்தால் விரல் வழுக்குகிறது என்றார் ஒருவர். கண்ணாடியில் எண்ணெய் பிடிக்கிறது, சவர்க்காரம் போட்டாலும் கையில் நாற்றம் போகவில்லை என்று இன்னொருவர். விளையாட்டுக்கு இன்னும் பயம் சேர்ப்பதற்காக ரசிகர்கள் கட்டிவிடும் கதை என்று நினைத்துச் சிரித்தேன்.

கல்முனையிலிருந்து ஒரு பெண் தன் திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். அடுத்த கட்டத்தில் நிறம் மாறுவது நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தாள்.

நான் அடுத்த கட்டம் எதுவும் செய்யவில்லை.

நான் போட்ட கறை கடும் மண்ணிறம். அவள் அனுப்பிய படத்தில் தோள்பட்டை இருந்த இடம் தேய்ந்து, அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தது. கணினியில் மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். அது மாறாமல் இருந்தது. பகல் பன்னிரண்டரை மணி. முன் விறாந்தையில் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த நான், என் கைபேசியில் விளையாட்டைத் திறந்து கடைசி அறைக்குப் போனேன்.

தோளும் முதுகும் சிவந்திருந்தன. முழங்கையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

பெருவிரலை வைத்து ஒரே ஒரு தரம் தேய்த்தேன்.

விரலுக்கடியில் ஏதோ உருண்டது.

குளிக்கும்போது உடம்பில் அழுக்கு உருளுமே, அப்படி. கண்ணாடி தட்டையாகத்தான் இருந்தது. ஆனாலும் மெத்தென்று ஒன்று விலகிக்கொடுத்து, கிழிந்து, உருண்டு, நகத்துக்குள் போனது. விரலை எடுத்துப் பார்த்தேன். கொழுப்புமில்லாமல் தண்ணீருமில்லாமல் மஞ்சளாக ஒன்று நூல் மாதிரி இழுபட்டது. வாடை வருவதற்கு ஒரு கணம் பிடித்தது. வந்ததும் விறாந்தை ஓரத்திலேயே வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது என் சோற்றில் மொய்த்திருந்த இலையான்கள் ஒன்றுகூட அங்கே இல்லை.

எல்லாம் கைபேசியில் இருந்தன.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று ஈரமான ஒன்றைத் தேய்க்கும் சத்தம். பின் அறைக்குள்ளிருந்து வந்தது. ஒரு கையின் சத்தமல்ல. நூறு கை, ஆயிரம் கை, ஒவ்வொன்றும் தன் வேகத்தில்.

போகக் கூடாது என்று தெரிந்தும் போனேன். திறந்தேன்.

நிலம் நனைந்திருந்தது. கறையின் மேல் பெருவிரல் அகலத்தில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கும் இங்கும், மேலும் கீழும். அறையில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு கோடும் போய்வரும்போது அடியில் சிவப்பு கூடியது. அழிறப்பரால் அழித்த தூள் போல உருண்டைகள் கறையின் ஓரத்தில் குவிந்திருந்தன. சிலவற்றில் மயிர் இருந்தது.

கதவைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். அன்றிரவு கில்பட் வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலை உடுப்பை எடுக்க வந்தபோது வீட்டு வாசலில் ஒரு த்ரீவீல் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஸம்ஹா, இறந்தவரின் தங்கை, வீட்டின் சொந்தக்காரி. நாற்பது வயது இருக்கும். அவர் சத்தம் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து, தன் மகளின் கைபேசியைக் கைப்பையிலிருந்து எடுத்து என் விளையாட்டின் கடைசி அறையைக் காட்டினார். மகள் இதை ஆடிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகக் கண்டாராம்.

"இது ராத்தாட அறை. இந்த நிலத்த எனக்குத் தெரியும்" என்றார்.

ராத்தா, அதாவது அவருடைய அக்கா, குவைத்தில் பன்னிரண்டு வருடம் வீட்டு வேலை செய்தவர். கல்யாணம் செய்யவில்லை. திரும்பி வந்து தன் உழைப்பில் இந்த வீட்டைக் கட்டினார். ஊரார் எல்லாம் டைல் பதிக்கச் சொன்னபோதும் கேட்காமல் சிவப்பு நிலம் போட்டு, தானே முழங்காலில் இருந்து மினுக்கினாராம். பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் நிலத்தைத் தேய்த்தவர் தன் நிலத்தை ஆசைக்காகத் தேய்த்தார் என்று சொல்லும்போது ஸம்ஹா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பயணத்தடையின்போது ராத்தா தொலைபேசியை எடுக்கவில்லை என்று பதறி, பயண பாஸ் எடுத்துக்கொண்டு ஸம்ஹா வந்து சேர ஒன்பது நாள் ஆகியிருந்தது.

தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்:

"குளிப்பாட்ட ஏலாமப் போச்சு. தொட்டா தோல் கையோட வந்திச்சு. தேய்க்க வேணாம், தண்ணிய மட்டும் ஊத்துங்க என்டு பள்ளி ஹஸ்ரத் சொன்னார். நான்தான் ஊத்தினேன். ஒரு விரல் படாம, மெல்ல மெல்ல ஊத்தி, கபன் துணி போட்டு அனுப்பினேன்."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எத்தின பேரக் கொண்டு அவட மேல தேய்ச்சிருக்கீங்க?"

"பதினோராயிரம்" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். உதடுகள் மட்டும் அசைந்தன.

அவர் முன்னாலேயே விளையாட்டை இணையத்திலிருந்து எடுத்தேன். ஏற்கெனவே வாங்கிய கைபேசிகளுக்குக் கடைசி அறையே இல்லாத புதிய பதிப்பொன்றை அனுப்பினேன். அது ஒவ்வொரு கைபேசியாகத்தான் போய்ச் சேரும், நேரமெடுக்கும் என்று சொன்னேன். அவர் எழும்பி, அறையைத் திறக்கச் சொன்னார்.

தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை. ஸம்ஹாவுக்கும் அது கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் பழக்கதோசத்தில் வாளியும் சீலைத் துணியும் எடுத்து வந்திருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் துணியைப் பறித்து வெளியே எறிந்தார். கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நான் அள்ளி அள்ளிக் கொடுத்தேன். அவர் பிஸ்மி சொல்லி, வலப்பக்கத்திலிருந்து, பிளாஸ்டிக் கோப்பையால் உயரத்திலிருந்து ஊற்றினார். ஓடிவந்த தண்ணீர் என் கால்விரல்களுக்கிடையில் கொழகொழவென்று போனது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சத்தம் தண்ணீருக்கடியில் கேட்டது. பிறகு குறைந்தது. ஒவ்வொரு விரலாக விலகிக்கொண்டிருந்தது. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது ஐந்தாறு சத்தம்தான் மிச்சம். அதற்குப் பிறகு ஒன்று. அதுவும் நின்றது.

தண்ணீர் அசையாமல் கிடந்தது.

போகும்போது ஸம்ஹா ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்களும் தேய்ச்சீங்கதானே?"

"ஓம்" என்றேன்.

"எத்தின தரம்?"

எண்ணவில்லை என்றேன். அவர் த்ரீவீலில் ஏறினார்.

நான் சிலாபத்துக்குத் திரும்பினேன். பத்தி எழுதுவதை நிறுத்தினேன். புத்தகங்களை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளருக்குச் சொன்னேன். பின் அறையில் ஸம்ஹா கடல் மணல் கொட்டி வாசலையும் கல் வைத்துக் கட்டிவிட்டதாகவும், அங்கே இப்போது எந்தச் சத்தமும் இல்லை என்றும் கில்பட் சொன்னார். ஏழு மாதம் எனக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

போன மாதம், இத்தாலியில் இருக்கும் தம்பியிடம் போவதற்காகக் கடவுச்சீட்டுக்கு விரலடையாளம் கொடுக்கப் போனேன். இடது பெருவிரல் சரியாகப் பதிந்தது. வலது பெருவிரலைக் கண்ணாடியில் வைத்தேன். அலுவலர் புருவத்தைச் சுருக்கினார். எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். மூன்றாவது தரமும் வைத்த பிறகு, இந்த விரல் வேறொருவர் பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதே என்று சொல்லித் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். தடித்த புருவம். படம் எடுப்பவர் சிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், அடக்கிக்கொண்டிருந்தார். பெயருக்கு முன்னால் இருந்த தகப்பன் பெயர், வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் நான் பார்த்த ஸம்ஹாவின் தகப்பன் பெயர்.

அந்த முகத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மெஷின் பிழையாக இருக்கும் என்றார் அலுவலர். மெல்லிய தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"விரல நல்லா அழுத்தித் தேய்ச்சுத் துடைச்சிட்டுத் திரும்ப வைங்க மிஸ்."

நான் தாளை எடுக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன்.