வெளியே போன கிளி

"அப்பா, கிளி ஏன் வெளிய போச்சு?"

ஏழு வயது சிநேகா இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமல்லபுரம் கடற்கரையில் நின்ற காரிலிருந்து நெக்லஸ் காணாமல் போயிருந்தது. அன்று மாலை அவளுடைய அத்தையின் நிச்சயதார்த்தத்துக்குப் போட வேண்டிய நகை அது.

கதவுகள் பூட்டியிருந்தன. கண்ணாடிகள் ஏறியிருந்தன. சாவி இரண்டு: ஒன்று சிநேகாவின் அப்பா ஜெபகுமாரிடம், மற்றது டிரைவர் ஸ்டான்லியிடம். ஜெபகுமார் ஸ்டான்லியின் சாவியைப் பிடுங்கினார். ஸ்டான்லியின் சாப்பாட்டு டப்பாவையும் மணலில் கவிழ்த்துத் தேடினார். தயிர்சோறுதான் இருந்தது.

மாலை 4.20. சப்-இன்ஸ்பெக்டர் சங்கவி வந்ததும் முதலில் குழந்தையிடம் குனிந்தார்.

"எந்தக் கிளி, பாப்பா?"

சிநேகா இடது பின்கண்ணாடியைக் காட்டினாள். அதன் அடியில், வெளிப்பக்கம், கிளிப் படம் போட்ட பிஸ்கட் அட்டை செருகியிருந்தது.

"பவர் விண்டோ கெட்டுப்போச்சு மேடம்," என்றார் ஸ்டான்லி. "சுவிட்ச் போட்டா ஏறாது, தானா எறங்கிடும். கையால தூக்கி, உள்பக்கம் அட்ட சொருவனேன். பாப்பா பாத்துகினு வரட்டுமேன்னு கிளி."

"வேற யாருக்குத் தெரியும்?"

"சாருக்கு. முன்னால குந்திகினு வந்த அவரு நண்பர் ராகவன் சாருக்கு."

ராகவன் ஜெபகுமாரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மச்சான், அட்டக் கதையெல்லாம் கேட்டுகினு கீற? சாவி வச்சிருந்தவன இட்டுகினு போவச் சொல்லு."

கடற்காற்றின் உப்பு படிந்த அந்தக் கண்ணாடியின் வெளிப்பக்கம், மேல்விளிம்பில் இரண்டு உள்ளங்கைத் தடங்கள். சங்கவி நிமிர்ந்தார்.

"சாவி இருக்கறவன் கதவத் தொறப்பான், கண்ணாடிய அமுக்க மாட்டான். வெளித் திருடன் எடுத்துகினு ஓடுவான், திரும்ப ஏத்தி வைக்க மாட்டான். பழி டிரைவர் மேல விழணும்னு நெனச்சவன்தான் மூடுவான். ஆனா வெளிய நின்னுகினு உள்ள அட்ட சொருவ முடியுமா? அதான் கிளி வெளிய வந்துச்சு. விஷயம் தெரிஞ்ச மூணு பேர்ல சாவி இல்லாதவரு நீங்க ஒருத்தர்தான், ராகவன். கைத்தடம் ஒத்துப் பாக்கலாமா?"

ராகவனின் கோட்டுப் பையிலிருந்தே நெக்லஸ் வந்தது.

"டப்பு பேஜாரு மச்சான், கடன் கழுத்த நெரிக்குது..." என்று தொடங்கினார். ஜெபகுமார் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் ஸ்டான்லியைத் தேடினார். ஸ்டான்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். டப்பா மணலிலேயே கிடந்தது.

சங்கவி சிநேகாவின் தலையைத் தொட்டார். "நீ கேட்டது நல்ல கேள்வி, பாப்பா."

அடுத்த ஞாயிறு காலை, கூடுவாஞ்சேரியில் ஸ்டான்லியின் வீடு. ஸ்டான்லியும் வீட்டாரும் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம். ஜெபகுமார் காரை வாசலில் நிறுத்தி, கேட்டில் ஒரு பையை மாட்டினார். அதில் கழுவிய அந்த டப்பா. உள்ளே சூடாகப் பிரியாணி. பக்கத்தில், அன்று பிடுங்கிய கார் சாவி, 'நாளைக்கு வண்டி எடுத்துட்டு வாங்க, ஸ்டான்லி' என்று எழுதிய ஒரு சீட்டு. பிறகு திரும்பிப் பாராமல் ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

தெருவில் யாருமில்லை. பழுது நீங்கிய கண்ணாடிக்கு உள்ளே, சிநேகா மறுபடி செருகி வைத்த கிளி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.