படகுக்குள் ஒரு டொக்!

டொக்!

லிங்கேஷின் விரல் வால்யூம் குமிழிலேயே நின்றுவிட்டது.

மறுபடியும் அந்த ஒலியை ஓடவிட்டான். பாட்டு இல்லை. 'ம்ம்ம்ம்…' என்று அடிவயிற்றிலிருந்து வரும் வெறும் முனகல். சப்வூஃபர் என்கிற அதிர்வுப் பெட்டியைப் பொருத்துவதற்கு முன், வண்டியில் எதெது ஆடுகிறது என்று கண்டுபிடிக்க அவன் போடுவது. காரில் போட்டால் நம்பர் பிளேட் ஆடும். மினி பஸ்ஸில் போட்டால் ஜன்னல் கண்ணாடி ஆடும். ஆடுகிற இடத்தில் ரப்பர் ஷீட்டை ஒட்டி வாயை அடைத்துவிடுவான்.

இது காரும் இல்லை. மினி பஸ்ஸும் இல்லை.

படகு!

குளமே வருஷத்தில் முக்கால்வாசி நாள் கிரிக்கெட் மைதானமாகக் கிடக்கிற சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையில், 'லிங்கேஷ் கார் ஆடியோ' கடை வாசலில், டிரெய்லர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது வெள்ளை வெளேரென்று ஓர் உல்லாசப் படகு. கொல்லத்துக் காயலில் டூரிஸ்ட்டுகளை ஏற்றுகிற படகாம். ஸ்டீரியோ, நாலு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் வேண்டுமாம். எல்லாமே தண்ணீர் பட்டாலும் கெடாத ரகமாக இருக்க வேண்டுமாம்.

டொக்… டொக்…

சத்தம் இடது பக்கத்திலிருந்து வந்தது.

லிங்கேஷ் தலையை அந்தப் பக்கம் திருப்பினான்.

அந்தப் படகில் அவன் திறக்கக் கூடாத இடம் என்று ஒன்று இருந்தது. இரண்டு பக்க சீட்டுகளுக்கு அடியிலும் ஆள் நீளத்துக்கு ஓர் அறை. வலது பக்கம் திறந்து கிடந்தது. இடது பக்கத்தில் பூட்டு.

"அதை மட்டும் தொறந்திராதிய," என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் படகுக்காரி ஷீலா. "அது எங்க வீட்டுக்காரரு சமாச்சாரம்."

அவர் எங்கே என்று கேட்டான். அவள் கழுத்துச் சிலுவையைத் திருகிக்கொண்டு சாலையைப் பார்த்தாள். ரொம்ப நாளாகவே சிவகிரி வீட்டில் ஒத்தையில்தான் கிடப்பதாகச் சொன்னாள்.

ஒத்தையில் கிடப்பது பற்றி லிங்கேஷுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே நின்றுபோனது. ஊரில் ஓடுகிற வண்டியெல்லாம் அவன் மாட்டிய ஸ்பீக்கரில்தான் அலறுகிறது. அவன் வீட்டில் மட்டும் மிக்சிகூட ஓடுவதில்லை. ஓட்டல் பார்சலைப் பிரித்து, டி.வி.யில் வருகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான். போன் அடித்தால் கஸ்டமர். இல்லையென்றால் லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண். அவளிடமும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வைப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு, தினமும் மத்தியானம் சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து டிபன் கேரியரைத் திறந்தாள் ஷீலா. கருவாட்டுக் குழம்பு. முருங்கைக்கீரை. முதல் நாள் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டாள். இரண்டு மூன்று நாளில் அந்த அண்ணாச்சி காணாமல் போயிற்று. லிங்கேஷ் அதைக் கவனித்தான். மறுநாளிலிருந்து காலையில் சவரம் செய்ய ஆரம்பித்தான்.

"சாப்ட்டியளா?"

அந்த ஒரு கேள்விக்காக மத்தியானம் வரை காத்துக் கிடக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

டொக்…

அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். இடது பக்க மூடியின் இடுக்கில் செல்போன் டார்ச்சை அடித்தான்.

சிவப்புப் புடவை!

புடவைக்குள் கனமாக, நீளமாக ஏதோ சுற்றியிருந்தது. அதன் மேல் கயிற்றுக் கட்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று… கைகால் கட்டின மாதிரி.

லிங்கேஷ் படகிலிருந்து இறங்கினானா, விழுந்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஷீலா வந்தபோது வயிறு சரியில்லை என்று பொய் சொன்னான். அவள் விடவில்லை. ரசம் ஊற்றிப் பிசைந்து தட்டைக் கையில் கொடுத்தாள். இந்தக் கையா புருஷனைக் கொன்று கட்டிப் போட்டிருக்கும் என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். ரசம் நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் இவள் ஜெயிலுக்குப் போவாள். சொல்லாவிட்டால் நாளைக்கும் வருவாள். ஒரு மனுஷனுடைய நியாயம் ஒரு டிபன் கேரியரில் தொங்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. அன்று முழுக்க போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

மறுநாள் மத்தியானம் நெருங்கும்போது மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு போன் போட்டான்.

இன்ஸ்பெக்டர் மருதப்பன் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே கூட்டம். எதிர்க்கடை டீ மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டே வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, கையில் கேரியரோடு ஷீலா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள்.

போலீஸைப் பார்த்தாள். லிங்கேஷைப் பார்த்தாள்.

"சாவி எங்கம்மா?"

"அவருகிட்ட இருக்கு சார்."

பூட்டு உடைந்தது. மூடி திறந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் தம் கட்டி மூட்டையைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

டங்!

பிணம் 'டங்' என்று விழாது. மருதப்பன் கயிற்றை அறுத்து, புடவையை ஓர் இழுப்பு இழுத்தார்.

நங்கூரம்!

துருப்பிடித்த, கொக்கி கொக்கியான ஓர் இரும்பு நங்கூரம்.

கூட்டத்திலிருந்து வந்தது பாருங்கள் சிரிப்பு, லிங்கேஷ் மாட்டிய எந்த சப்வூஃபரிலும் அப்படி ஒரு அதிர்வு வந்ததில்லை.

"என்ன வே," என்றார் மருதப்பன். "போட்னா நங்கூரம் இருக்கும்னு தெரியாதா?"

"போட்டையே இப்பத்தான் சார் பக்கத்துல பாக்கேன்."

படகில் கீறல் விழுந்துவிடக் கூடாதென்று பழைய புடவையில் சுற்றி வைத்ததாக ஷீலா சொன்னாள். புருஷன் பிரவின்ராஜ் கொல்லத்தில் படகுத்துறையைப் பார்த்துக்கொள்கிறார், எப்போதாவதுதான் சிவகிரிக்கு வருவார் என்றும் சொன்னாள். மருதப்பன் நம்பர் வாங்கிப் போட்டார். ஸ்பீக்கரில் பிரவின்ராஜ் உயிரோடு கத்தினான். பெண்டாட்டியை நடுத்தெருவில் நிறுத்தியது யார் என்று போலீஸை ஒரு பிடி பிடித்தான். அப்புறம், வீட்டை விட்டு எதற்கடி வெளியே போனாய் என்று பெண்டாட்டியையும் ஒரு பிடி பிடித்தான். கேட்கவே கூசுகிற வார்த்தைகள். மருதப்பன் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. கொல்லத்துக்குப் போறப்போ கேரளா பார்டர்ல, புளியரை செக்போஸ்ட்ல யாரும் இதைத் தொறந்து தொந்தரவு பண்ண மாட்டாவ. நான் போன்ல சொல்லிருதேன்."

ஷீலா கை கூப்பினாள். கேரியரைத் திறக்காமலே திரும்பிப் போனாள்.

சாயங்காலமே ஷீலாவின் டிரைவர் மூக்காண்டி ஜீப்பைக் கொண்டுவந்து படகை இழுத்துக்கொண்டு போய்விட்டான். மாட்டாத சப்வூஃபர் கடையின் மூலையில் கிடந்தது. லிங்கேஷ் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அடுத்து வந்த நாட்களில் ஊரே அவனைப் பார்த்து 'டொக்' என்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிட்டு ஓடினார்கள். அது அவனுக்கு வலிக்கவில்லை. மத்தியானம் ஆனால் பஸ் ஸ்டாப் பக்கம் தானாகத் திரும்புகிற கழுத்துதான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது.

"நான் ஷீலா பேசுதேன். கோவமெல்லாம் போயிட்டு. அந்த சப்வூஃபரை எடுத்துக்கிட்டு சிவகிரிக்கு வாரியளா? மாட்டிட்டு, அப்படியே எங்ககூட கொல்லத்துக்கு வந்து தண்ணியில ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்க."

எங்ககூட!

லிங்கேஷ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

சிவகிரி வீட்டு முற்றத்தில் படகு தயாராக நின்றது. முன்பக்கம் நங்கூரம் வெட்டவெளியில் கிடந்தது. இடது பக்க அறையின் மூடியைச் சுற்றி புதிதாக ரெசின் பசை பூசி அடைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறாமல் இருக்க என்றாள் ஷீலா. அதன் மேலேயே சப்வூஃபர் பெட்டியை உட்கார வைத்து போல்ட்டை முறுக்கச் சொன்னாள். அவன் முறுக்கினான். ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் சேர்த்தான். பழக்கத்தில் அந்த முனகலை ஓடவிட்டான்.

டொக் இல்லை. நங்கூரம்தான் வெளியே வந்துவிட்டதே.

ஆனால் காலியான அறையின் மேல் உட்கார்ந்த சப்வூஃபர் கணீரென்று முழங்க வேண்டும். இது அமுங்கிப் போய்க் கேட்டது. உள்ளே மெத்தென்று ஏதோ நிறைந்திருந்து, சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரரு எங்க?" என்றான்.

"நேத்து வந்தாரு. காலையிலேயே பஸ் ஏறிட்டாரு."

மறுபடியும் முட்டாளாக அவனுக்கு விருப்பமில்லை. வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். மூக்காண்டி ஓட்டினான். பின் சீட்டில் ஷீலாவும் அவனும். புளியங்குடி தாண்டியபோது அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தாள். ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து இட்லிக்குப் பொடி வைக்கிற பயணம் அவன் வாழ்க்கையில் அதுதான் முதல். கொல்லம் வராமலே போனால் தேவலை என்றிருந்தது.

கடையநல்லூர் தாண்டியதும் ஒரு செல்போன் அடித்தது.

ஷீலாவின் போன் அவள் கையில்தான் இருந்தது. அடித்தது, அவள் கைப்பைக்குள் இருந்த இன்னொரு போன்.

அவள் ஜிப்பைத் திறந்தாள். திரையில் 'கொல்லம் படகுத்துறை' என்று மின்னியது. போனின் பின்பக்கம், உறைக்குள் செருகிய டிரைவிங் லைசென்ஸ். அதில் மீசையோடு முறைத்தான் பிரவின்ராஜ்.

போனை விட்டுவிட்டா பஸ் ஏறினான்?

ஷீலா அதை அணைத்து மறுபடியும் பைக்குள் போட்டாள். "சாப்பிடுங்க, ஆறிரும்," என்றாள்.

லிங்கேஷ் கையிலிருந்த இட்லியைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தான். அமுங்கிய சத்தம்… புது ரெசின்… அணைத்த போன். எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் காட்டின.

செங்கோட்டை வரை அவன் தனக்குள் சண்டை போட்டான். பேசாமல் இருந்தால் இவள் இருக்கிறாள். நாளைக்கும் சோறு, நாளைக்கும் 'சாப்ட்டியளா'. பேசினால் மறுபடியும் டி.வி.யும் பார்சலும். உள்ளே கிடப்பவன் நல்லவன் இல்லைதான். அதற்காக, கணக்கே கேட்க ஆளில்லாமல் ஒருவன் காணாமல் போவதா? நாளைக்குத் தான் காணாமல் போனாலும் கேட்க ஆளில்லை என்பது அவனுக்கு அப்போது உறைத்தது. அந்த நினைப்புத்தான் அவனை உலுக்கியது.

புளியரை செக்போஸ்ட்.

தடுப்புக் கம்பி முன் ஜீப் நின்றது. கான்ஸ்டபிள் பாதுஷா குனிந்து பார்த்தார். ஷீலாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இன்ஸ்பெக்டர் எல்லாம் சொல்லிவிட்டார், நீங்கள் போகலாம் என்றார்.

லிங்கேஷ் கதவைத் திறந்துகொண்டு குதித்தான்.

"சார்… அந்த போட்டைத் தொறந்து பாருங்க. இடது பக்கத்துல பொணம் இருக்கு சார்."

பாதுஷா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாச்சி… சங்கரன்கோவில் ஆடியோக் கடைக்காரரு நீங்கதானா?"

"ஆமா சார். ஆனா…"

"டொக்கு டொக்குன்னு கேட்டுச்சோ?"

"இல்ல சார். இந்தத் தடவ சத்தமே கேக்கல. அதான் சார் சொல்லுதேன்."

பாதுஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சங்கரன்கோவிலில் அவன் அடித்த கூத்தையெல்லாம் இன்ஸ்பெக்டர் போனில் சொல்லிச் சிரித்தார் என்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. பாதுஷா அவனைத் தோளோடு அணைத்து, பத்திரமாக ஜீப்பில் ஏற்றி, கதவைத் தானே சாத்தினார். பார்த்துக் கூட்டிப்போங்க மேடம் என்று சொல்லி, கம்பியை உயர்த்தி ஒரு சல்யூட்டும் வைத்தார்.

ஜீப் நகர்ந்தது.

'கிளிக்!'

நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. மலைப்பாதையின் மர நிழல் ஜீப்புக்குள் விழுந்தது.

ஷீலாவுக்குக் கோபமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"அவரு என்னை அடிக்கும்போது தெருவே கேட்டுச்சு. ஸ்டேஷனுக்கும் போனேன். ஒரு போலீசும் வந்து கதவைத் தொறந்து பாக்கல. நீங்க ஒரு போன் போட்டதும் ஜீப்ல வந்தாவ," என்றாள். "எந்தச் சத்தம் கேட்டாலும் விடாம தேடிப் பிடிக்கிற ஆளு நீங்கதான்னு சொன்னாவ. அதான் உங்க கடைக்கு வந்தேன். பொணம் இல்லாதப்பவே ஒரு தடவ போலீசு தேடிட்டா, அப்புறம் தேட மாட்டாவள்லா?"

"அப்ப… அந்தச் சாப்பாடு?" என்றான் லிங்கேஷ். அவன் கேட்க நினைத்தது அது மட்டும்தான்.

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அது நெசந்தான். நீங்க மட்டும் அங்கன எறங்காம இருந்திருந்தா, தெனமும் போட்டிருப்பேன்."

மூக்காண்டி செல்போனில் போட்டுவிட்ட பாட்டுக்கு, பின்னால் படகின் சப்வூஃபர் அமுங்கிய குரலில் முழங்கிக்கொண்டே வந்தது. மூக்காண்டி கண்ணாடியில் லிங்கேஷின் உயரத்தை அளந்தான்.

ஷீலா அவன் மடியிலிருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்து, பொறுப்பாக மடித்துக் கட்டினாள்.

"ஒரு பக்கம் மட்டும் வெயிட் ஏத்துனா, தண்ணியில எறக்குனதும் போட் சாஞ்சிரும். வலது பக்கம் காலியாத்தான் கெடக்கு," என்றாள். "கவலப்படாதிய… இனிமே உங்களுக்குப் பேச்சுத் துணைக்குப் பக்கத்துலயே ஆள் இருக்கும்!"