வாழைநார் கட்டிய வல்லாரை

அந்தச் சனிக்கிழமை காலையில், வெள்ளவத்தையில் இருக்கும் நாகேந்திரத்தின் மரக்கறிக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்காரர் நாகேந்திரம், அவர் மனைவி கௌரி, பத்து வயது மகள் மிதுனா, மேல்மாடியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை ஜீவராணி ரீச்சர், கீரை கொண்டுவரும் பஸீர். ஆறாவதாக ஒருவரும் இருக்கவில்லை. இருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்று தலைமுறையாக நடக்கும் கடை அது. கேட்ட பொருளுக்குப் பதிலாக வேறொன்றை அங்கே யாரும் கொடுத்ததில்லை.

பஸீர் இரண்டு வகை வல்லாரை கொண்டுவருவார். பூச்சிமருந்து அடித்து வளர்த்ததை இறப்பர் வளையத்தால் கட்டியிருப்பார். மருந்தடிக்காததை வாழைநாரால் கட்டியிருப்பார். அதற்கு விலை கொஞ்சம் கூடுதல்.

ரீச்சர் வாழைநார் கட்டிய பிடி ஒன்றை எடுத்தார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்களை மூடினார்.

"ஆகா! இதுதான் ஓர்கானிக். மருந்து பட்டிருந்தால் என்ரை நாக்கு உடனே சொல்லிப்போடும்."

மிதுனா கூடையை எட்டிப் பார்த்தாள். சற்று முன், அப்பா வெளியே மரவள்ளி இறக்கிக்கொண்டிருந்தபோது அவள்தான் கீரைகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். இறப்பர் வளையங்கள் தண்டுகளை இறுக்கி நசித்திருந்தன. பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, வாழைநாரால் அழகாகக் கட்டி, ஒரே கூடையில் அடுக்கிவிட்டாள்.

ரீச்சர் கைப்பையைத் திறந்தார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"ரீச்சர், எடுக்காதேங்கோ!" என்றாள் மிதுனா. "நான் எல்லாத்தையும் கலந்துபோட்டன்."

அவள் நடந்ததைச் சொல்லி முடித்தபோது அப்பாவின் முகம் கறுத்திருந்தது.

"அதுக்கென்ன?" என்றார் ரீச்சர். "நான் பிரிச்சுத் தாறன்."

இரண்டாவது பிடியில் ஓர் இலை. "இதுவும் ஓர்கானிக்." மூன்றாவதில் ஓர் இலை. "இதுவும்." ஏழாவது பிடியும் ஓர்கானிக் ஆனதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பஸீர் மாமா, உங்களுக்கு எது எதெண்டு தெரியுமா?"

பஸீர் தலையைச் சொறிந்தார். "எங்க தெரியும், மகள்! மருந்து கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. நாரப் பாத்துத்தான் நானும் சொல்ற."

"அப்ப முழுக்கக் கொட்டவேண்டியதுதான்," என்றார் அப்பா. "எதெண்டு தெரியாமல் என்னத்தைச் சொல்லி விக்கிறது?"

"தெரியாது எண்டே சொல்லுவம், அப்பா!"

மிதுனா பழைய பெட்டியின் மட்டைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினாள்.

'இன்று எல்லா வல்லாரையும் கலந்துவிட்டன. மருந்தடிக்காதது எது என்று எங்களுக்கே தெரியாது. எல்லாம் குறைந்த விலைக்கே. எதை எடுத்தாலும் நன்றாகக் கழுவுங்கள். இப்படிக்கு, கலந்தவள் மிதுனா.'

அப்பா அதை இரண்டு தரம் படித்தார். பிறகு தானே வாசலில் தொங்கவிட்டார்.

ரீச்சர் மூன்று பிடி எடுத்துக்கொண்டார். "நாக்குக்கு இண்டைக்கு லீவு," என்றார். "ஆனால் பிள்ளை, இனி உன்னட்டைத்தான் கேட்டு வாங்குவன்."

போகிறவர் வருகிறவர் எல்லாம் மட்டையைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாங்கவும் செய்தார்கள். மதியத்துக்குள் கூடை வெறுமையானது.

அடுத்த சனிக்கிழமை மிதுனா கூடைகளை இரண்டாக வைத்தாள். இறப்பர் வளையத்தை அவிழ்த்த பிடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டினாள். வாழைநாரைத் தொடவே இல்லை.

நாகேந்திரம் கடையில் மருந்தடித்த கீரையை மருந்தடிக்காதது என்று விற்றார்களாம் என்று தெஹிவளைப் பக்கம் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். அன்றைக்கு அந்தக் கடையில் மருந்தடிக்காத கீரையையும் மருந்தடித்ததன் விலைக்கே விற்றார்கள்.