நீலக் கோட்டுக்குள் ஒரு வீடு

காபி சாய்ந்திருந்தது.

கோப்பை நேராகத்தான் நின்றது. உள்ளே இருந்த காபிதான் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. ஏரியைப் பார்த்த பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் ஒரு விரல் கீழே. வெர்னா கோப்பையை மெல்லத் திருப்பினாள். கோப்பை திரும்பியது. சாய்வு திரும்பவில்லை. மறுபடியும் ஏரிப் பக்கமே ஏறி நின்றது, யாரோ அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டது போல.

"ரெய்னோ, இங்க வந்து பாரேன்."

அவள் கணவன் ரெய்னோ லாம்பினென் நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவன். இந்த வீட்டையும் அவனே கட்டினான். வந்தான், பார்த்தான், கொட்டகைக்குப் போய் ரசமட்டத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது.

"மேசை நேராத்தான் இருக்கு."

"மேசைய யாரு சொன்னா? காபியப் பாரு."

அவன் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். "இப்ப சரியாயிடுச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுப்பறையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, ஒருவரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் அவன் ஜன்னல் கட்டையிலும் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கு நாலு நாள் முன்புதான் அந்தக் கடிதம் வந்திருந்தது. வடக்கு மிச்சிகனில் பெல்டோ ஏரிக் கரையில் வீடு வைத்திருந்த எல்லோருக்கும் வந்தது: புதிய வெள்ள வரைபடம். கரையோரமாக ஒரு நீலக் கோடு ஓடியது. கோட்டுக்குள் வந்துவிட்ட வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்தால் நாற்பத்தைந்து நாளைக்குள் வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். தப்பிக்க வழி ஒன்றுதான். நில அளவையாளரை வைத்து, வீட்டின் தரை வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதென்று சான்றிதழ் வாங்கி மேல்முறையீடு செய்யவேண்டும்.

அந்தக் கோடு எல்லோர் வீட்டுக்கும் கீழே, மணலை ஒட்டியே போனது. பக்கத்து வீட்டு டுவேன் தெர்வோவின் பள்ளத்து வீட்டைக்கூட அது தொடவில்லை. லாம்பினென் வீட்டுக்கு எதிரே வந்ததும் மட்டும் ஒரு நாக்கு நீட்டியது போல மேடேறி, வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டு மறுபடியும் கரைக்கு இறங்கியது.

"உன் நிலவறையில வருஷா வருஷம் தவளை குடும்பம் நடத்துது," என்று ரெய்னோ டுவேனிடம் கத்தினான். "உன்ன விட்டுட்டு, மேட்டுல இருக்கற என்னப் புடிச்சிருக்கானுங்க!"

"வரைஞ்சவனுக்கு உன் மூஞ்சி புடிக்கல போலிருக்கு," என்றான் டுவேன். "நாப்பது வருஷமா எனக்குந்தான் புடிக்கல. நான் சகிச்சுக்கல?"

இரண்டு கிழவர்களும் படகுத்துறையில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை. அவர்கள் காலடியில் கிடந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லை. அலை இல்லை. ஆனாலும் அந்தத் தண்ணீர் படுத்திருப்பது போல அவளுக்குத் தெரியவில்லை. முழங்கையை ஊன்றி எழப்போகிறவன் மாதிரி தெரிந்தது.

அக்டோபர் முழுவதும் ஒரு மணம் வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறியது. சேறும் அழுகிய கோரையும் துருவும் கலந்த, ஏரியின் அடியில் மட்டுமே இருக்கக்கூடிய மணம். முதலில் மாடிப் படுக்கையறை அலமாரியில், மடித்துவைத்த விரிப்புகளுக்கு நடுவில் இருந்தது, பிறகு தலையணைக்குள், பிறகு அவள் சனிக்கிழமைதோறும் சுடும் ஏலக்காய் ரொட்டியின் நடுச் சதையில்கூட, ரெய்னோ கடித்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகும் அளவுக்கு. தொட்டால் எதுவும் ஈரமில்லை. குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில், வெயில் தரையில் விழுந்து கிடக்கும்போதே, சுவர்கள் மெல்ல முனகின. வெளியிலிருந்து ஏதோ ஒன்று சாய்ந்துகொண்டால் மரம் அப்படித்தான் முனகும் என்று அவளுக்குத் தெரியும். தச்சன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா?

அளவையாளர் வந்தது நவம்பர் முதல் வாரத்தில். கிர்ஸ்டன் என்று ஒரு முப்பது வயதுப் பெண். முக்காலியில் கருவியை நிறுத்தி, அளவுக் கம்பை ஊன்றி, சுறுசுறுப்பாக வேலை செய்தாள். டுவேனின் துறையில் அளந்தாள். லாம்பினென் துறையில் அளந்தாள். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். திரும்ப டுவேனின் துறைக்குப் போனாள். மூன்றாவது தடவை அவள் நடந்து வந்தபோது அவளுடைய சுறுசுறுப்பு போய்விட்டிருந்தது.

"மிஸ்டர் லாம்பினென், உங்க தரை ஏரி மட்டத்துக்குப் பதினோரு அடி மேல இருக்கு."

"பாத்தியா!" என்று ரெய்னோ மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"அது தெர்வோ வீட்டுத் துறையில அளந்தா. உங்க துறையில அளந்தா ஏழுதான்."

ரெய்னோ அவளையே பார்த்தான். "ஏரி ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுதான்."

"ரெண்டு துறைக்கும் நடுவுல எத்தன தூரம்? கல்ல விட்டெறிஞ்சா போய் விழும். அதுக்குள்ள நாலு அடி ஏறுமா தண்ணி?"

"ஏறாது," என்றாள் கிர்ஸ்டன். அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "கருவிய மூணு தடவ சரி பாத்துட்டேன். காலையில உங்க துறையில முதல்ல அளந்தப்ப எட்டு அடி இருந்துச்சு."

கிர்ஸ்டன் படிவத்தை எடுத்துக் காட்டினாள். "இதுல ஏரி மட்டத்துக்கு ஒரே ஒரு கட்டந்தான் இருக்கு. நான் எத எழுதட்டும்?"

அவள் எதையும் எழுதவில்லை. கையெழுத்தும் போடவில்லை. முக்காலியை மடக்காமலே வண்டிக்குள் திணித்துக்கொண்டு போனாள். போகும்போது கண்ணாடியை இறக்கி வெர்னாவை மட்டும் பார்த்து, "உங்களுக்கு வேற எங்கயாவது சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து வெர்னா கெஞ்ச ஆரம்பித்தாள். டுலூத்தில் தங்கை இருக்கிறாள். பனிக்காலம் முடியும்வரை அங்கே போய் இருக்கலாம்.

"பேப்பர்ல யாரோ ஒரு கோடு போட்டான்னு வீட்ட விட்டு ஓடச் சொல்றியா?"

"கோட்டுக்காக இல்ல, ரெய்னோ. தண்ணிக்காக. நீயும் பாத்தியே."

"நான் ஒண்ணும் பாக்கல."

ஆனால் அவனும் இப்போதெல்லாம் ஏரிப் பக்கம் முகம் காட்டி உட்காருவதில்லை. அந்த வருடம் சாவ்னாவில், அவர்களுடைய நீராவிக் குளியல் குடிலில், அடுப்பு மூட்டவில்லை. அந்தக் குடில் தண்ணீருக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் நாள் அவனே இறங்கிவந்தான். "சரி. நாளைக்கு மாவட்ட ஆபீசுக்குப் போய் நேர்ல பேசிட்டு வந்துடறேன். சாயங்காலம் கெளம்பிடலாம். நீ பெட்டியக் கட்டிவை. சான்றிதழ் இல்லாமலே மேல்முறையீடு அனுப்பிட்டேன், வரைபட ஆபீஸ்லேர்ந்து போன் பண்றேன்னு சொல்லியிருக்கானுங்க, அதுக்கும் ஒரு ஆள் வேணும்."

அவன் வண்டி மேட்டைத் தாண்டி மறைவதை அவள் பார்த்தாள். பெட்டி கட்டினாள். கம்பளிச் சட்டைகளிலும் அந்த மணம்.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் தொலைபேசி ஒலித்தது.

"மிஸஸ் லாம்பினென்? வரைபட அலுவலகத்துலேர்ந்து பேசறேன்." இளமையான, மரியாதையான குரல். "உங்க மேல்முறையீட்ட எடுத்துப் பாத்தேங்க. ஒரு சின்னக் குழப்பம். உங்க வீட்டக் கோட்டுக்கு வெளிய எடுக்கணும்னு கேட்டிருக்கீங்க. ஆனா அந்த இடத்துல வீடு எதுவும் இல்லையே."

"என்ன சொல்றீங்க? நான் அந்த வீட்டுலேர்ந்துதான் பேசறேன்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "இல்லங்க மேடம். புது வரைபடத்துல அது ஏரி."

"ஏரி எங்களுக்குக் கீழ இருக்குங்க. ஜன்னல்ல பாத்தா தெரியுது."

"எங்களுக்கு இங்க திரையில என்ன தெரியுதோ அதத்தான் சொல்ல முடியும். உங்களுக்கு நல்ல சேதிதான், மேடம். கோட்டுக்குள்ள இருக்கற வீட்டுக்குத்தான் காப்பீடு கட்டாயம். ஏரிக்கெல்லாம் காப்பீடு கெடையாது. இனிமே உங்களுக்குக் கடிதம் எதுவும் வராது."

"தம்பி, தயவுசெஞ்சு கேளுங்க. அந்தப் புது வரைபடம் எப்பலேர்ந்து?"

"இன்னைக்குத் தேதிதான் போட்டிருக்கு. பிற்பகல் ரெண்டு மணி பத்து நிமிஷத்துலேர்ந்து." "வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தில் இரண்டு எட்டு.

அவள் அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கம்பியின் அந்தப் பக்கம் யாரும் இல்லை. இரைச்சல்கூட இல்லை. ஆழத்தில் காதை அடைத்துக்கொண்டால் கேட்குமே, அந்த மொண்ணையான அமைதி.

மேலங்கியை எடுத்தாள். பெட்டியை எடுக்கவில்லை. பின்கதவு, மேட்டுப் பக்கம், சாலையைப் பார்த்த கதவு. அந்தப் பக்கம் ஓடினால் டுவேனின் வீடு இரண்டு நிமிடம். தாழ்ப்பாளைத் தள்ளி ஒரு விரல் அளவு திறந்தாள்.

தகடு போல ஒரு நீர்க்கீற்று பாய்ந்து முழங்காலுக்குக் கீழே அறைந்தது. பனிக்கட்டிக் குளிர். அவள் தோளைக் கொடுத்துக் கதவைத் திரும்ப மூடத் தள்ளினாள். மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

நிசப்தம்.

காதுகள் அடைத்துக்கொண்டன. வெளிச்சம் மாறியிருந்தது. வெயில் இல்லை, இருட்டும் இல்லை. தரை, மேசை, அவள் கைகள் எல்லாவற்றின்மேலும் பச்சை. பாசிப் பச்சை, மெல்ல ஆடும் பச்சை. அடுப்பறை ஜன்னலுக்கு வெளியே அவள் நட்ட ரோஜாச் செடிகள் நின்றன. காற்றில் ஆடுவது போல அவை ஆடவில்லை. எல்லாக் கிளைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிதானமாக மறுபக்கம் சாய்ந்தன.

அவற்றுக்கு நடுவே ஒரு மீன் போனது.

மாடிக்கு ஓடினாள். படிகள் உலர்ந்திருந்தன. மாடியில் எல்லாமே உலர்ந்திருந்தது. படுக்கையறையின் பெரிய ஜன்னல். அங்கும் பச்சை. கொஞ்சம் வெளிறிய பச்சை. மேலே, கையெட்டாத உயரத்தில், வெள்ளிபோல நெளியும் ஒரு கூரை. அதற்கு அப்பால் வானம்.

சுவர்கள் முனகின. நான்கு பக்கமும்.

கட்டிலில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. கூப்பிடவேண்டும் என்று தோன்றியது. யாரை? மூச்சு விடும்போதெல்லாம் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துவந்தது.

நிழல் விழுந்தது.

நீளமான நிழல். வெள்ளிக் கூரையின்மேல் மெதுவாக நகர்ந்துவந்தது. படகு. அடிப்பாகத்தில் பற்றவைத்த தழும்பு. டுவேனின் படகு. அதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரமானது.

விளிம்பில் ஒரு தலை நீண்டது. வேட்டைக்காலத்துச் செம்மஞ்சள் தொப்பி. ரெய்னோ.

"ரெய்னோ!"

கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளாலும் அடித்தாள். அடித்தவுடன் கையை இழுத்துக்கொண்டாள். கண்ணாடி நடுங்கியது. சட்டத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு புறப்பட்டு இறங்கியது.

அவன் நேராக அவளைப் பார்த்தான். கண்களுக்குமேல் கை வைத்து, உற்று, அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தான். அவன் பார்வை எதிலும் நிற்கவில்லை. மேலிருந்து பார்த்தால் இது கறுப்பாகத்தான் இருக்கும். ஏரியைப் பார்த்தால் எப்போதும் அப்படித்தானே இருக்கும்? அவன் வாய் திறந்து திறந்து மூடியது. அவள் பெயர். சத்தம் கேட்கவில்லை, வாயசைவு மட்டும்.

பிறகு கழி இறங்கியது. முனையில் இரும்புக் கொக்கி வைத்த நீண்ட கழி.

வீட்டுக் கூரையில் டொக்.

தேடியது. நகர்ந்தது. டொக். ஓட்டின்மேல் உரசிக்கொண்டே சரிந்து, கூரை விளிம்பில் தடுக்கி, தவறி, ஜன்னலுக்கு முன்னால் தொங்கியது. ஒரு சாண் தூரத்தில். கொக்கியின் துருவைக்கூட அவளால் பார்க்க முடிந்தது.

"போயிடு," என்றாள். வாய் அதைச் சொன்னது. நெஞ்சு போகாதே என்றது. போய்விட்டால் இந்தக் காற்று எவ்வளவு நேரம்? போகாவிட்டால்?

கொக்கி ஆடிவந்து கண்ணாடியைத் தொட்டது.

டிங்.

மேலே அந்தத் தொப்பி அசையாமல் நின்றது. பிறகு டுவேனின் பக்கம் திரும்பிக் கத்தியது. ஏதோ தட்டுப்படுகிறது, இங்கேதான், இங்கேதான். டுவேன் துடுப்பால் படகை அங்கேயே நிறுத்திப் பிடித்தான். ரெய்னோ எழுந்து நின்றான். கழியை மேலே இழுத்து, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் எவ்வளவு பலமாக அடிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

வெர்னா உள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கண்ணாடியில் பதித்தாள். தாங்கிப் பிடிக்கவா, வேண்டாம் என்று காட்டவா, அவளுக்கே தெரியவில்லை. மேலே அவன் முகம் நீரில் நெளிந்து, உடைந்து, சேர்ந்தது. அதில் அத்தனை நம்பிக்கை இருந்தது.

கொக்கி இறங்கிவந்தது.