வெள்ளம் கேட்டாரா?

பானை காலியாக இருந்தது.

முந்தின மாலை மனைவி ஜெபகனி கிணற்றிலிருந்து கோரிவந்து அதைக் கழுத்துவரை நிரப்பியதை ரசலையன் பார்த்திருந்தான். மரத்தட்டால் மூடி, தட்டின்மேல் செம்பைக் கவிழ்த்ததையும் பார்த்திருந்தான். விடிந்து பார்த்தால் தட்டு வைத்தபடி இருந்தது, செம்பு கவிழ்த்தபடி இருந்தது. உள்ளே கையை விட்டான். சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல அடி காய்ந்து கிடந்தது.

“கீறல் விழுந்திருக்கும்,” என்றாள் ஜெபகனி.

“கீறியிருந்தா தரை நனைஞ்சிருக்காண்டாமா?”

“அப்போ நீங்கதான் குடிச்சிருப்பிய. மடக்கு மடக்குன்னு சத்தம் கேட்டுதே.”

சிரித்துக்கொண்டே அவள் குடத்தை இடுப்பில் வைத்தாள். ரசலையன் இரவு பாயைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

கொல்லவருஷம் ஆயிரத்து நூற்றெட்டு, பங்குனி. தோவாளையிலிருந்து இந்த ஆற்றங்கரைக்கு அவர்கள் வந்து அதிக நாளாகவில்லை. குழித்துறையிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் சின்னக் கடைத்தெருவின் லாக்கப்பில் அவனுக்குக் காவல் வேலை. வந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டி, “ஏட்டி, வெள்ளம் வந்தாச்சு, ஓடி வா!” என்று கூவினாள். ஜெபகனி பாயையும் பெட்டியையும் வாரிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதை. தோவாளைக்காரிக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. இங்கே குடிக்கிற தண்ணீருக்கே அதுதான் பேர். தெருவே சிரித்தது. லாக்கப்பிலும் சிரித்தார்கள். ஏட்டு முத்துநாயகம் அன்றிலிருந்து அவனை, பாண்டிநாட்டான் என்ற கேலியில், ‘பாண்டி’ என்றே கூப்பிட்டார். “எலே பாண்டி, பெட்டி கட்டியாச்சா? வெள்ளம் வருது!” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிக்க வேண்டியிருக்கும்.

போன வாரம், கள்ள உப்பு காய்ச்சியதாகச் சொல்லிக் கடற்கரையிலிருந்து ததேயுஸைக் கொண்டுவந்து போட்டார்கள். ஏட்டின் கைத்தடி உடைந்த பிறகுதான் அடி நின்றது. மதியம் ஓட்டுக்கூரை வெந்துகொண்டிருந்தபோது ததேயுஸ் தவழ்ந்து வந்து கம்பியில் கன்னத்தை வைத்தார். அப்பா வயது இருக்கும்.

“மக்கா, இச்சிரி வெள்ளம் தா.”

தண்ணீர்த் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஏட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ரசலையன் புருவத்தின்மேல் கையை வைத்து ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“எங்க ஓய் வெள்ளம்? ஆத்துல கரண்டைக்கால் தண்ணிதான் கெடக்கு. வந்தா சொல்லுதேன்.”

ஏட்டு தொடையைத் தட்டிச் சிரித்தார். “நீ கொள்ளாம்லே!” என்று மெச்சி, முதல்முறையாக அவன் தோளில் கைபோட்டு, வெற்றிலை மடித்துக் கொடுத்து, பின்கட்டு நிழலுக்குக் கூட்டிப்போனார். சிரிப்பு அடங்கியதும் வந்து கொடுத்துவிடலாம் என்று ரசலையன் நினைத்தான். பின்னாலிருந்து குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மக்கா. மக்கா. வெற்றிலைச் சாறு இனித்தது. அவன் திரும்பி வந்தபோது குரல் நின்றிருந்தது. கம்பியில் ஒட்டிய கன்னம் மட்டும் எடுபடவில்லை.

காய்ச்சலில் செத்ததாக எழுதினார்கள்.

இன்று லாக்கப் வாசலில் புளியமரத்தடியில் ததேயுஸின் மனைவி லீமா நின்றிருந்தாள். அழவில்லை. நேரே அவனிடம் வந்தாள்.

“ஐயா, அவருக்க நாக்கு கறுத்துக் கெடந்தது. கடைசியில வெள்ளம் கேட்டாரா?”

உள்ளே ஏட்டின் நாற்காலி கிறீச்சிட்டு நின்றது.

“எதுக்குக் கேக்கிய?”

“வாசல்ல செம்புல வெள்ளம் வச்சிருக்கேன். வச்சது வச்சாக்குல கெடக்கு. தாகத்தோட போன மனுசன் வீட்டுக்குல்லா வரணும்? வேற எங்கயோ போய்க் குடிக்காரு.” அவள் குரல் தாழ்ந்தது. “யாருகிட்ட கேட்டாரோ அவங்ககிட்டத்தான் போவாரு. அது யாருன்னு ஒரு வாக்கு சொல்லுங்க. அந்த எடத்துல ஒரு குடம் ஊத்திட்டுப் போறேன். அடங்கிருவாரு. நான் கேசுக்கொண்ணும் போவல்ல.”

ஒரு வார்த்தை போதும். என்கிட்ட. அது தொண்டைவரை வந்தது. நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. வேலை போனால் தோவாளைக்கு எந்த முகத்தோடு திரும்புவது? அது மட்டுமில்லை. ‘கேட்டாரு’ என்று சொன்னால், ‘நீ என்ன சொன்ன?’ என்று இவள் கேட்பாள். அந்தப் பதிலைச் சொல்ல எந்த வாயாலும் முடியாது.

“கேக்கல்ல,” என்றான்.

லீமா அவன் உதட்டையே பார்த்தாள். “உங்க வாய் உணங்கிக் கெடக்கே ஐயா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தொட்டியில் மொண்டு குடித்தான். குளிர்ச்சி உதட்டில் பட்டது, தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. மறுபடி மொண்டான். இளநீர் வெட்டச் சொன்னான். கள்ளுக்கடைப் பக்கம் போகாதவன் அங்கேயும் போய் நின்றான். ஒவ்வொரு முறை அண்ணாந்தபோதும் காதோரத்தில், மிக அருகில், யாரோ விழுங்குகிற சத்தம் கேட்டது. மடக். மடக். பிறகு ஒரு நிம்மதிப் பெருமூச்சு. அதில் உப்புக்காற்று வாடையும் காய்ந்த ரத்த வாடையும் இருந்தன.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் முடிவுசெய்துகொண்டே வந்தான். விடிந்ததும் கடற்கரைக்குப் போவேன். லீமாவிடம் சொல்வேன். சிரித்ததையும் சொல்வேன்.

ஜெபகனி புது மண்பானையை அப்போதுதான் நிரப்பி முடித்திருந்தாள்.

தண்ணி தா என்று கேட்க வாயைத் திறந்தான். ‘தண்ணி’ வரவில்லை. கறுத்துத் தடித்த நாக்கு வேறெங்கோ புரண்டது. கரகரத்த ஒரு கிழக்குரல், அவனுடையதில்லை, அவன் வாயிலிருந்து வந்தது.

“இச்சிரி... வெள்ளம்.”

ஜெபகனி கலகலவென்று சிரித்தாள்.

“நீங்களும் இந்த ஊர்க்காரராயிட்டியளா?” வாசலுக்கு ஓடினாள். புருவத்தின்மேல் கையை வைத்தாள். எட்டி ஆற்றைப் பார்த்தாள். “எங்க வெள்ளம்? ஆத்துல கரண்டைக்கால் தண்ணிதான் கெடக்கு. வந்தா சொல்லுதேன்.”

அந்த வார்த்தைகளை அவன் வீட்டில் சொன்னதே இல்லை.

சுவரில் சாய்ந்தான். சரிந்து உட்கார்ந்தான். ஜன்னல் கம்பியில் கன்னம் ஒட்டியது. கம்பி சுட்டது. மக்கா, என்றது வாய். மக்கா.

“ஐயோ, என்ன செய்யுது? இந்தா, இந்தா.” சிரிப்பு போய் அவள் செம்போடு ஓடிவந்தாள். அவன் தலையை மடியில் சாய்த்தாள். செம்பைச் சரித்தாள்.

தண்ணீர் விழுந்தது. கண்ணாடிபோல, மெல்லிய தாரையாக. அவன் வாயைத் திறந்தான்.

பாதியில் நின்றது.

செம்புக்கும் அவன் உதட்டுக்கும் நடுவே இன்னொரு வாய் இருந்தது. வெடித்த உதடு. கறுத்த நாக்கு. ஒரு கன்னத்தில் கம்பியின் தடம். தாரை முழுவதும் அதற்குள் இறங்கியது. மடக். மடக். ஒரு துளி சிந்தவில்லை.

ஜெபகனி எதையும் பார்க்கவில்லை. அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே ஊற்றினாள்.

“குடியுங்க,” என்றாள். “நல்லாக் குடியுங்க. பானை நெறய இருக்கு.”