பெயரில்லாத வரி

அலாரம் ஆறரைக்கு அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். பாதிப் பாக்கெட் பாலில் ஒரு டம்ளர் காபி போட்டான், மீதி நாளைக்கு. குளித்தான். இஸ்திரி போடாத சட்டையை மாட்டினான். மாடி அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று கீழே நின்றே பார்த்துவிட்டு, வாசலைப் பூட்டினான். அவள் போய் ஏழு மாதம். காலை இப்படித்தான் போகிறது.

அலுவலகத்தில் உட்கார்ந்ததும் வீட்டின் இணையப் பக்கத்தைத் திறப்பான். இணையதளம் செய்வது அவன் தொழில். கல்யாணமான புதிதில் வீட்டுக்கும் விளையாட்டாக ஒன்று செய்திருந்தான். ஒவ்வொரு அறையிலும், படியிலும், உடம்புச் சூட்டை உணரும் சின்ன சென்சார். ஆள் வைத்திருக்கும் போனிலிருந்து பெயர் வரும். யார் எங்கே என்று ஆளுக்கு ஒரு வரி. பட்டப்பெயர்கள் அவள் வைத்தவை. அவள் மகாராணி. அவன் தூங்குமூஞ்சி.

“ஆளே இல்லன்னா வெறும் வெள்ளையா காட்டாதே, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஏதாவது எழுதி வை” என்றவளும் அவள்தான். பட்டியல் காலியானால் வர வேண்டிய வாசகத்தை அவளே தட்டினாள்: வீட்டில் யாரும் இல்லை. சீக்கிரம் வந்து சேரவும்.

அதைப் பார்க்கத்தான் தினமும் திறக்கிறான்.

இன்று அது இல்லை. வெள்ளை.

மறுபடி திறந்தான். வெள்ளை.

“சர்வர் படுத்துடுச்சா?” பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்தான். அலுவலகமே அவனை மீசை என்றுதான் கூப்பிடும்.

“இல்ல. ஓடுது.”

மீசை நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, நிரலை மேலிருந்து கீழாகப் படித்தான். “யார்டா எழுதினது? நீயா? இதுக்குச் சம்பளம் வேற.” விரலைத் திரையில் வைத்தான். “பேரு இல்லாத ஆளைக் காட்டாம தாண்டிப் போன்னு போட்டிருக்கே. சரி. ஆனா பட்டியல் நிஜமாவே காலியா இருந்தாத்தான் ‘யாரும் இல்லை’ வரும். பேரில்லாத ஆள் ஒண்ணு இருந்துச்சுன்னு வை, அதைத் தாண்டிடும். ஆளும் தெரியாது, வாசகமும் வராது. வெள்ளைதான்.” கண்ணைச் சிமிட்டினான். “வீட்டுல யாரு? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?”

சொன்ன பிறகுதான் இவன் முகத்தைப் பார்த்தான். நாற்காலியை மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்தத் தாண்டும் வரி ஒரு பூனைக்காகப் போட்டது. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியே வந்தால் பெயரில்லாமல் ஒரு வரி விழும். “அதுக்கும் ஒரு பேரு வெச்சுடேன், பாவம்” என்றாள் அவள். அவனுக்கு நேரமில்லை, மறைத்துவிட்டான். பூனைக்காரர்கள் வீடு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. வரியை எடுக்கவே இல்லை.

இப்போது எடுத்தான்.

______ : மாடி அறை

வெகுநேரம் பார்த்தான். போன் இல்லாதவர்களுக்குப் பெயர் வராது. அவளுடைய போன் அணைந்து அவன் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது.

பைக் சாவியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான்.

நண்பகல் வெளிச்சம் ஹாலில் பாதி தூரம் வந்து, மாடிப்படிக்கு முன்னால் வெட்டிவிட்டது போல் நின்றிருந்தது. ஃபிரிட்ஜ் முனகி முனகி அடங்கியதும் குழாய் சொட்டுவது கேட்டது, அதற்கும் அடியில் மேலே கட்டிலின் கால் தரையில் மெல்ல உரசுவது கேட்டது. அவள் சோப்பின் வாசனையை எதிர்பார்த்து மூச்சை இழுத்தவனுக்கு, நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்த ஈரத்துணியின் வாடை தொண்டைவரை வந்தது.

“நீயா?” என்றான்.

உரசல் நின்றது.

அவள் போன அன்றும் பகல்தான். மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவன் பக்கத்தைத் திறந்து பார்த்துச் சிரித்தான். “பேஜ்ல நீ மட்டும்தான் இருக்கே. போய்த் தூங்கு, மகாராணி.” அவள் இன்னும் ஒன்று சொன்னாள். பிறகு ஏதோ விழுந்த சத்தம். அவன் வந்து பார்த்தபோது படியடியில் கிடந்தாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டபோது, “தலை சுத்துதுன்னு சொன்னா, அத்தை” என்றான். மயங்கி விழுந்ததாக எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பப் பழகிக்கொண்டான்.

பக்கம் நாள்வாரியாகச் சேர்த்து வைத்திருந்த பதிவுகளில் அந்த நாளை, நின்ற இடத்திலேயே போனில் திறந்தான். தாண்டும் வரி இல்லாமல், முதல் முறையாக.

மகாராணி : ஹால்
______ : மாடிப்படி

மேலே வந்திருப்பது அவள் இல்லை.

இன்றைய பக்கத்துக்கு வந்தான்.

தூங்குமூஞ்சி : ஹால்
______ : மாடி அறை

கதவு திறக்கும் ஓசை. தலையைத் தூக்கவில்லை. திரையைத் தொட்டான்.

______ : மாடிப்படி

வாடை நெருங்கியது. ஒரு படி. நின்றது. இன்னொரு படி. நின்றது.

நிமிர வேண்டும். முடியவில்லை. கண் ஓரத்தில், வெளிச்சம் வெட்டுப்பட்ட இடத்துக்கு அந்தப் பக்கம், உயரமாக ஏதோ.

அத்தையிடம் சொன்னது பொய். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“பேஜ்ல இல்லன்னா என்னடா? படியில நின்னு என்னையே பாத்துக்கிட்டிருக்கு.”